கேள்வி கேட்க ஆள் வராத நேர்காணல்: நெதர்லாந்தின் டெலிபேனல்

1986 வாக்கில் நெதர்லாந்தில் சுமார் 1000 குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு கணினியும் ஒரு மோடமும் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் அந்தக் கணினி தொலைபேசி வழியாக மையக் கணினியை அழைத்து அந்த வாரத்துச் சர்வே கேள்விகளை இறக்கிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் தோதான நேரத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பதில்கள் அதே தொலைபேசிக் கம்பி வழியாக மையத்துக்குத் திரும்பிப் போகும். கதவைத் தட்டிக் கேள்வி கேட்க யாரும் வர மாட்டார்கள். டெலிபேனல் என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் வில்லெம் சாரிஸ். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வு முறையியல் பேராசிரியராக இருந்தவர்.

காலத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இதன் அருமை புரியும். டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை (WWW) என்ற யோசனையையே 1989-ல்தான் எழுதிக் கொடுத்தார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணினி ஆய்வு மையம் அமெரிக்க ஆய்வு வலையமைப்போடு, அதாவது அன்றைய இணையத்தோடு, இணைந்தது 1988 நவம்பரில். நம் ஊரில் தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்கள் அவை.

டெலிபேனல் பற்றிப் பேச்சு வந்தால் கணினியையும் மோடத்தையும்தான் பலரும் வியப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கணினி இல்லாத வீடு என்று யாரையும் ஒதுக்காமல், அந்த வீட்டுக்கும் ஒன்றைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இணையம் வந்த பிறகு சர்வே துறை முதலில் கைவிட்டது அதைத்தான்.

எந்த நெருக்கடியில் பிறந்தது

நெதர்லாந்து மக்கள் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வதில் தயக்கம் மிகுந்தவர்கள். 1971-ல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்தது. தனிப்பட்ட விவரங்கள் அரசின் கணினியில் ஏறுகின்றன, நாளை அவற்றை யார் என்ன செய்வார்கள் என்ற பயம்தான் காரணம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, யூதர்களைத் தேடிப் பிடிக்க மக்கள் பதிவேடுகள் பயன்பட்டதை நேரில் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அடுத்து 1981-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், கடைசியில் கைவிடவே பட்டது. வீடு வீடாகப் போகும் அந்தப் பழைய முறை அங்கே அத்துடன் முடிந்தது.

ஆய்வாளர்களுக்கோ தரவு வேண்டும். இருந்த வழிகள் மூன்று. நேரில் ஆள் அனுப்பினால் செலவு அதிகம். வீடு பூட்டியிருந்தால் அதே ஆள் திரும்பப் போக வேண்டும், அப்புறமும் போக வேண்டும். தபாலில் அனுப்பினால் மலிவு, ஆனால் 'ஆம் என்றால் 14-ம் கேள்விக்குச் செல்க' என்பதைப் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். விட்டுப்போன பதிலைக் கேட்டு வாங்கவும் வழியில்லை. தொலைபேசியில் கேட்டால் வேகம் உண்டு, ஆனால் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. பத்து விருப்பங்களை ஒருவர் காதால் கேட்டு நினைவில் வைத்துத் தேர்ந்தெடுப்பது நடக்கிற காரியமா?

கணினி அப்போதே சர்வே வேலைக்குள் வந்துவிட்டது. தொலைபேசியில் கேள்வி கேட்பவர் முன்னால் திரையை வைக்கும் முறை 1970-களிலேயே அமெரிக்காவில் தொடங்கியது. நெதர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் நிறுவனம் பிளேஸ் என்ற மென்பொருளை உருவாக்கி, 1987-ல் தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் கையில் மடிக்கணினியைக் கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் கணினி, கேள்வி கேட்பவரின் கையில் இருந்தது. சாரிஸ் அதைப் பதில் சொல்பவரின் வீட்டில் வைத்தார்.

இடைத்தரகராக ஆள் இல்லையென்றால் செலவு குறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எதிரே ஒருவர் உட்கார்ந்து குடியையும் கடனையும் பற்றிக் கேட்டால், அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று பதில் கொஞ்சம் வளைந்துவிடும். திரையிடம் அந்தக் கூச்சம் குறைவு.

தொலைபேசிக் கம்பியின் கணக்கு

அந்நாளில் தொலைபேசி வழியாகத் தகவல் தரும் சேவைகள் ஏற்கெனவே இருந்தன. பிரான்சில் மினிடெல், நெதர்லாந்தில் தபால்-தந்தித் துறை 1980-ல் தொடங்கிய விடிடெல். இவற்றில் பயனாளி பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் இணைப்பு திறந்தே இருக்கும். சர்வேக்கு அதே முறையைப் பின்பற்றியிருந்தால் டெலிபேனல் முதல் மாதத்திலேயே திணறியிருக்கும். ஏன் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; தர்க்கம் அந்தக் கால மோடத்தினுடையது.

1200 பிட் மோடம் விநாடிக்குச் சுமார் 120 எழுத்துகளை அனுப்பும். ஒரு வாரத்துக் கேள்விகள் 20,000 எழுத்துகள் என்றால் இறக்க மூன்று நிமிடம் ஆகும். பதில்கள் சிறியவை, ஒரு நிமிடம் போதும். ஆக ஒரு வீட்டுக்கு நான்கு நிமிடம், 1000 வீட்டுக்கு 4000 நிமிடம். மையத்தில் எட்டு இணைப்புகள் இருந்தால் எட்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே வீட்டார் அரை மணி நேரம் இணைப்பைத் திறந்து வைத்துப் பதில் சொன்னால் 30,000 நிமிடம். அதே எட்டு இணைப்புகளுக்கு 62 மணி நேரத்துக்கும் மேல். வாரக் கடைசியே போதாது. வீட்டில் இருப்பதோ ஒரே தொலைபேசி. அரை மணி நேரம் அது பிடிபட்டுக் கிடந்தால் மகளும் பாட்டியும் சும்மா இருப்பார்களா?

அதனால் கேள்விகளை இறக்கியதும் இணைப்பு துண்டிக்கப்படும். நேர்காணல் முழுவதும் வீட்டுக் கணினியிலேயே நடக்கும். எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்வி அடுத்தது, எந்த எண் நம்பத்தக்கது என்று முடிவு செய்யும் வேலையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள். இதற்காக சாரிஸ் குழு இன்டர்வ் என்ற நேர்காணல் நிரலை உருவாக்கியது. வீட்டில் இருப்பது மையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெறும் திரை இல்லை, அதுவே வேலை செய்யும் கணினி என்ற இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது.

திரைக்கு முன்னால் தனியே ஒருவர்

கேள்வி கேட்பவர் வீட்டுக்கு வரும்போது நாம் கண்டுகொள்ளாத நூறு வேலைகளைச் செய்கிறார். பதில் சொல்பவர் முகம் சுளித்தால் கேள்வியை மறுபடி வாசிக்கிறார். 'அப்படியென்றால் என்ன அர்த்தம்?' என்றால் விளக்குகிறார். சரியான ஆள்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிறார். அவரை எடுத்துவிட்டால் இந்த நூறு வேலையும் கேள்வியை எழுதுகிறவர் தலையில் விழும். டெலிபேனலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை இந்தப் பகுதியில்தான் அதிகம்.

வருமானக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கணவர் தன் மாதச் சம்பளத்தைத் தட்டுகிறார். 2,500 கில்டர் (நெதர்லாந்தின் அப்போதைய நாணயம்) என்று அடிக்க நினைத்து ஒரு சுழி கூடி 25,000 ஆகிவிட்டது. காகிதத்தில் இது அப்படியே போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்து ஒரு ஆய்வாளர் தலையைச் சொறிவார். 1 முதல் 99,999 வரை ஏற்கலாம் என்ற பொது எல்லையை நிரலில் வைத்தாலும் இது பிடிபடாது. அந்த மனிதரின் போன தடவைப் பதில் கணினியில் இருந்தால் கதை வேறு. 'சென்ற முறை 2,500 என்று சொன்னீர்கள், இப்போது 25,000. சரிதானா?' என்று அங்கேயே, அவரிடமே கேட்டுவிடலாம். எல்லோருக்கும் ஒரே எல்லை வைக்காமல், அவரவர் முந்தைய பதிலை ஒட்டி எல்லையை வைக்கும் முறை இது. ஒரே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் பேனலில்தான் இது முடியும்.

அதற்கு அடுத்த படி, சுருக்கத் திரை. கணவரின் சம்பளம், மனைவியின் சம்பளம், குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை, வாடகை வரவு எல்லாம் தனித்தனியாகக் கேட்ட பிறகு, அவற்றை ஒரே திரையில் வரிசையாகக் காட்டி, கீழே கூட்டுத்தொகையையும் போட்டு, 'இது சரியா? தவறு இருந்தால் எந்த வரி?' என்று கேட்பது. மொத்தத்தைப் பார்த்ததும்தான் மனிதர்களுக்கு உறைக்கும்: 'அடடா, வருடக் கணக்கை மாதத்தில் போட்டுவிட்டேன்.' வரி எண்ணைத் தட்டினால் அந்த இடத்துக்கே போய்த் திருத்தலாம். பழைய முறையில் இந்தத் தவறுகளை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஊகித்துத் திருத்துவார்கள். இங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள், உண்மை மறக்காத நேரத்தில் திருத்துகிறார். தரவின் தரத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சோதனைகளை வைக்கும் கை கூசவும் வேண்டும். நிஜமாகவே அந்த மாதம் 25,000 வந்திருக்கலாம், பழைய வீட்டை விற்றிருக்கலாம். 'தவறு, மறுபடி அடியுங்கள்' என்று திரை பிடிவாதம் பிடித்தால், அவர் வெளியேறப் பொய்யான எண்ணைத்தான் தட்டுவார். உதவிக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் ஒவ்வொரு சோதனையிலும் 'ஆமாம், சரிதான்' என்று தாண்டிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். கருத்துக் கேள்விகளுக்கு முந்தைய பதிலைக் காட்டவே கூடாது. போன மாதம் பிரதமரைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று காட்டினால், மனம் மாறியவரும் பழையதையே சொல்லிவிடுவார்.

கருத்தை அளப்பதில் சாரிஸுக்குத் தனி அக்கறை இருந்தது. 'மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி' என்று ஐந்து பெட்டிகளைக் கொடுத்தால், ஒரே அளவு திருப்தி உள்ள இருவர் வேறு வேறு பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்டியின் எல்லை அவரவர் மனதில் வேறு வேறு. இதற்கு அவர் கையாண்ட வழிகளில் ஒன்று கோடு. இந்த நீளம் நடுநிலை, அந்த நீளம் முழுத் திருப்தி என்று இரண்டு அடையாளக் கோடுகளை எல்லோருக்கும் பொதுவாகக் காட்டிவிட்டு, உங்கள் திருப்தியின் அளவுக்கு ஒரு கோட்டை நீட்டுங்கள் என்பது. காகிதத்தில் ஆயிரம் கோடுகளை யாரோ அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். கணினியில் பொத்தானை அழுத்த அழுத்தக் கோடு நீளும், விட்டால் நிற்கும், நீளம் அந்த நொடியே எண்ணாகிவிடும். ஒரே கேள்வியைச் சில வாரம் விட்டு வேறு வடிவத்தில் அதே ஆளிடம் கேட்டு, எந்த வடிவம் நம்பத்தக்கது என்று ஒப்பிடவும் வாரந்தோறும் பதில் சொல்லும் பேனல் கச்சிதமாகப் பொருந்தியது. கேள்வியின் தரத்தை முன்கூட்டியே கணிக்கும் முறை ஒன்றை சாரிஸ் பின்னாளில் உருவாக்கினார். ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு அதைப் பயன்படுத்தியது.

சின்ன விஷயம்போலத் தோன்றும் இன்னொன்று: உட்கார்ந்திருப்பது யார்? கணினி ஒன்று, குடும்பத்தில் நான்கு பேர். அம்மாவுக்கான கேள்விக்கு மகன் விளையாட்டாகப் பதில் தட்டிவிடலாம். தொடக்கத்தில் பெயரையும் பிறந்த ஆண்டையும் சரிபார்ப்பது ஓரளவுக்கு உதவும். மற்றபடி நம்பிக்கைதான்.

யார் உள்ளே, யார் வெளியே

1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. லேண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். அவர்கள் முகவரிகளை எடுத்ததோ தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும். எடுத்த பட்டியலிலும் ஓட்டை, பதில் எழுதியவர்களிலும் ஓட்டை. அந்தத் தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்துச் சரியாகச் சொன்ன கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், அதனாலேயே புகழ் பெற்றார்.

1986-ல் கணினி வைத்திருந்த வீடுகளை மட்டும் சேர்த்திருந்தால் டெலிபேனலும் அந்தக் குழியில்தான் விழுந்திருக்கும். படித்த, சம்பாதிக்கும், ஆர்வமுள்ள ஆண்கள் கூட்டம் ஒன்று கிடைத்திருக்கும்; நாட்டின் கருத்து கிடைத்திருக்காது. எனவே குடும்பத்தை முதலில் தேர்ந்தெடு, அப்புறம் கருவியைக் கொடு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இந்த வரிசைக்கு விலை உண்டு. கருவிக்கு வீட்டுக்கு 1000 கில்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பத்து லட்சம் கில்டர் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை கேட்டால் இது கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு 50 வாரம், நான்கு ஆண்டு என்றால் இரண்டு லட்சம் நேர்காணல்கள். ஒன்றுக்கு 5 கில்டர் விழும். இதுவும் மாதிரிக் கணக்குதான், ஆனால் வாரந்தோறும் கேட்கும் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும். வாரந்தோறும் கேட்பதோ வீட்டாருக்குப் பாரம். பேனலை நடத்துவது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுவதுதான்.

கருவி கொடுத்தும் தீராத சிக்கல்கள் இரண்டு. முதலாவது, சேர மறுப்பவர்கள். ஒரு பேச்சுக்கு, அணுகிய 100 வீட்டில் 60 பேசுகின்றன, அதில் 30 சேரச் சம்மதிக்கின்றன, ஓராண்டு முடிவில் 24 நிற்கின்றன. இந்த வாரம் 90 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள் என்று அறிக்கையில் போடுவது உண்மைதான், ஆனால் அந்தச் சதவீதம் 24-ல் தொடங்குகிறது. அதை மறைப்பவர்களை நம்பக் கூடாது.

இரண்டாவது, பேனலில் இருப்பதே ஆளை மாற்றுகிறது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முன்பு அதைப் பற்றி நினைத்தே பார்க்காதவரும் யோசிக்கத் தொடங்குகிறார். அவருடைய கருத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஆரம்பிக்கின்றன. இதற்கு உளவியலில் சாக்ரடீஸ் விளைவு என்று பெயர். அப்புறம் 'ஆம்' என்றால் கூடுதலாகப் பத்துக் கேள்வி வரும் என்று கற்றுக்கொண்டு 'இல்லை' என்று தட்டுகிறவர்களும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களின் பதிலையும் பழையவர்களின் பதிலையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் 1991-ல் சென்டர்பேனல் என்ற இதே மாதிரியான பேனல் தொடங்கியது. பொருளியலாளர் ஆரி காப்டைன் இதன் பின்னால் இருந்தவர். அங்கிருந்து 1993 முதல் குடும்பங்களின் சேமிப்பு, கடன், ஓய்வூதியம் பற்றி ஆண்டுதோறும் திரட்டிய தரவு இன்றும் நெதர்லாந்து மத்திய வங்கியின் பெயரில் தொடர்கிறது. சுமார் 2000 குடும்பங்கள். முதலில் கணினியும் மோடமும். இணையம் வந்த பிறகு, அது இல்லாத வீடுகளுக்கு டிவியில் செருகும் ஒரு பெட்டி. ஒரு குடும்பம் விலகினால் அதே மாதிரியான வேறொரு குடும்பத்தைச் சேர்த்தார்கள்.

இதற்கிடையே இணையம் பரவியது, சந்தை ஆய்வுத் துறையில் பெரும்பாலோர் எளிய வழியைப் பிடித்தார்கள். விளம்பரம் போட்டால் தானாக வந்து சேர்கிறவர்கள் லட்சக்கணக்கில் கிடைத்தார்கள். கருவிச் செலவு இல்லை, ஆள் தேடும் அலைச்சல் இல்லை. எண்ணிக்கை பெருகியது, 1936-ன் கணக்கு திரும்பி வந்தது. விதிவிலக்காக இருந்தவர்களும் உண்டு. 1998-ல் நார்மன் நையும் டக்ளஸ் ரிவர்ஸும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ் என்று பெயர் பெற்றது. தொலைபேசி எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, சேர்ந்த வீடுகளுக்கு, டிவியிலேயே இணையத்தைக் காட்டும் வெப்டிவி கருவியைக் கொடுத்தார்கள்.

டில்பர்க் 2007-ல் லிஸ் பேனலைத் தொடங்கியபோது, இன்னும் ஒரு படி மேலே போய் மத்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மக்கள் பதிவேட்டிலிருந்தே சுமார் 5000 குடும்பங்களின் பேனலை அமைத்தது. தொலைபேசி எண் கிடைக்காத வீடுகளுக்கு நேரில் போனார்கள். கணினி இல்லாதவர்களுக்கு சிம்பிசி என்ற, முதியவர்கள் எளிதாகக் கையாளும் சின்னக் கணினியும் இணைப்பும் கொடுத்தார்கள். அந்தப் பேனலை அமைப்பதில் முன்னின்ற அனெட் ஷெர்பென்சீல், கேள்வியின் தரம் பற்றி ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர், சாரிஸின் மாணவி. பிரான்சில் 2012-ல் எலிப்ஸ் என்ற பேனல், இணையம் இருப்பவர் இல்லாதவர் என்று பார்க்காமல் சுமார் 1000 பேருக்கும் ஒரே மாதிரி டேப்லெட்டைக் கொடுத்துத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே எழுத்தளவு; 1986-ன் ஏற்பாடு அப்படியே.

காப்டைன் பிறகு அமெரிக்கா போனார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2014-ல் அவர் தொடங்கிய அமெரிக்கப் பேனலுக்கு, வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கடிதம் போடுகிறார்கள். சேரச் சம்மதித்த வீட்டில் இணையம் இல்லையென்றால் டேப்லெட்டும் இணைய இணைப்பும் பேனலின் செலவு.